மூன்று இடம், மூன்று மனு, ஒரு தோல்வி

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் கூட்டமைப்பின் செயற்குழுவில் ஆசியாவுக்கு மூன்று இடங்கள்.
2. அந்த மூன்று இடங்களுக்கு மூன்று பேர்தான் மனுக் கொடுத்தார்கள்.
3. எங்கள் ஒருங்கிணைப்பாளர், மூவரும் போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்தார்.
4. மூவரில் ஒருவரின் ஊரான வைத்திக்குப்பத்தில் பட்டாசு வெடித்தார்கள்.
5. தேர்தல் நடந்தது.
6. மூவரில் ஒருவர் தோற்றார்.

நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைப்பீர்கள். எதுவும் விட்டுப்போகவில்லை. எங்கள் விதிப்படி, போட்டி இல்லாவிட்டாலும் ஓட்டுப்பதிவு உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை அந்த வருடம் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, அவரவர் ஏற்கெனவே நினைத்திருந்ததையே தொடர்ந்து நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் நான் இந்த வேலையை விடுகிறேன். தேர்தல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்று சொன்னார்கள். வாக்குச்சீட்டை எப்படி அச்சடிப்பது, பெட்டியை யார் முன்னால் பூட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படிக்காதவர்கள் நடுவில் உட்கார்ந்து எப்படித் தேர்தல் நடத்துவது என்பது அதில் இல்லை. எனவே அதை எழுதுகிறேன்.

எங்களுடையது சிறு மீனவர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கிடைக்கும் என்பதால் ஆசிய அலுவலகத்தைப் புதுச்சேரியில் வைத்தார்கள். லாஸ்பேட்டையில் பொறியியல் முடித்த கையோடு நான் வந்து சேர்ந்தேன். கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் உறுப்பினர் பட்டியலைக் கொடுத்தார்கள். பட்டியல் என்னிடம் இருந்ததால் தேர்தலையும் கொடுத்துவிட்டார்கள்.

உலகத்தைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை இடம் என்று வைத்திருக்கிறார்கள். மீனவர்கள் அதிகம் இருப்பது ஆசியாவில். இடம் மூன்று. ஐரோப்பாவுக்கும் மூன்று. ஏன் என்று நானும் கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்று பதில் வந்தது. பிரான்ஸுக்குச் சொந்தமான பசிபிக் தீவு ஒன்றின் சங்கம் ஐரோப்பியப் பிரிவில் உட்கார்ந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் மாஹே கேரளத்துக்குள்ளும் இருக்க, அவற்றின் எம்.எல்.ஏ.க்கள் புதுச்சேரியில் வந்து உட்காருவதைப் பார்த்த நமக்கு அது பெரிய விஷயமில்லை.

நமக்குப் புரியாதது வேறொன்று. இடம்தான் பிரிவுக்குச் சொந்தம், ஓட்டு எல்லோருக்கும். ஆசியாவின் மூன்று பேருக்கும் ஆப்பிரிக்காக்காரர், ஐரோப்பாக்காரர் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். வந்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர் சங்கங்களில் பாதிக்கு மேல் வாங்கியாக வேண்டும். வராதவர் ஓட்டும் எதிர் ஓட்டு மாதிரிதான். வாக்குச்சீட்டில் மூன்று வெற்றுக் கோடுகள் மட்டும் இருக்கும். அந்தப் பிரிவில் மனுக் கொடுக்காத சங்கத்தின் பெயரையும் அதில் எழுதலாம். கூட்டணியில் தொகுதி கிடைப்பது வேறு, அந்தத் தொகுதியில் ஜெயிப்பது வேறு என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதையே உலக அளவில் சொன்னால் யாருக்கும் ஏறவில்லை.

தெற்காசியாவின் வேட்பாளர் அஞ்சலை. வைத்திக்குப்பத்துக்காரர், மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி. அவருக்கு அந்த இடம் ஏன் வேண்டும் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. கடலுக்குப் போகிறவர்தான் மீனவர், விற்கிறவருக்கு ஓட்டுரிமை எதற்கு என்று கூட்டமைப்பில் சில சங்கங்கள் கேட்கத் தொடங்கியிருந்தன. யார் மீனவர் என்ற வரையறையைப் புதிய செயற்குழு முடிவு செய்யப்போகிறது. செயற்குழுவில் மீன் விற்கும் பெண் ஒருவர்கூட இல்லாவிட்டால், விற்கும் பெண்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரணம் என்றாலே படகு, வலை என்று பேச்சு நடந்ததையும், கூடையை யாரும் கேட்காததையும் பார்த்தவர் அவர். இன்னொரு தடவை கணக்கில் வராமல் போக அவர் தயாராக இல்லை.

ஒருங்கிணைப்பாளர் சட்டமன்றத் தேர்தல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையானவர், உழைப்பாளி. அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. மனு வாபஸ் பெறும் நாள் முடிந்து, இடமும் ஆளும் சமமாக இருந்தால் அங்கேயே முடிவை அறிவித்துவிடலாம் என்பது நம் நாட்டு முறை. அதை அவர் உலக முறை என்று நம்பினார்.

"சார், மூணு பேருதான்னாலும் ஓட்டுப்பதிவு உண்டு."

"ஏம்மா, வாபஸ் முடிஞ்சிது. மூணு எடம், மூணு ஆளு. அன்அப்போஸ்டு. எத்தினி எலெக்‌ஷன் பாத்திருப்பேன் நானு?"

"அது நம்ம நாட்டு சட்டம் சார்."

"எதிர்த்து ஆளே இல்லன்னா யாருகிட்டம்மா தோக்கறது?"

"யாருகிட்டயும் தோக்க வேணாம் சார். ஓட்டு வரலன்னாலே போதும்."

"கம்ப்யூட்டர் படிச்சவங்க எல்லாத்தையும் சிக்கலாக்கிடுவீங்க" என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அவருடைய பதில்கள் பெரும்பாலும் டீயில்தான் முடியும்.

இரண்டாவது தடவை விதியை அச்சிட்டு மேஜையில் வைத்தேன். மூன்றாவது தடவை அந்த வரியை மஞ்சள் மையால் தீட்டி வைத்தேன். அதன் மேல் டீ கிளாஸ் இருந்தது. வேட்பாளர்கள் மூவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பினேன்: தேர்தல் உண்டு, எல்லாப் பிரிவுகளின் ஆதரவும் தேவை என்று. மற்ற இரண்டு ஆசிய வேட்பாளர்களும் அதைப் படித்து, அன்றிலிருந்தே ஊர் ஊராக ஃபோன் செய்தார்கள். அஞ்சலைக்குப் போன கடிதத்தை ஒருங்கிணைப்பாளர் வாங்கிப் பார்த்து, "இது வழக்கமா அனுப்பறதுதான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் வைத்திக்குப்பம் திரும்பும் இடத்தில் பேனர் எழுந்தது. போட்டியின்றித் தேர்வு, வாழ்த்துகள், அப்புறம் இரண்டு படங்கள். பெரிய படம் ஒருங்கிணைப்பாளருடையது. பேனருக்குக் கீழே அஞ்சலையைப் பார்த்தேன்.

"ஏம்மா, ஜெயிச்சது நானு. நான் ஏன் இத்தினியூண்டு இருக்கேன்?"

"அக்கா, இன்னும் யாரும் ஜெயிக்கல. எலெக்‌ஷன் இனிமேதான்."

"முடிஞ்சிபோச்சின்னு சாரு சொன்னாரே. வெடிகூட வெடிச்சாங்க."

"வெடிச்சா ஓட்டு வராதுக்கா. எல்லா நாட்டு ஆளுங்களும் உங்களுக்கு எழுதணும். அத்ததான் லெட்டர்ல போட்டிருந்தேன்."

அவர் நேராக ஒருங்கிணைப்பாளரிடம் போய்க் கேட்டார். "ஜெயிச்சவங்க போயி ஓட்டு கேட்டா, பயந்துட்டாங்கன்னு நெனப்பாங்க அஞ்சல" என்று அவர் சொல்லி அனுப்பினாராம். அத்துடன் பிரச்சாரம் முடிந்தது. தொடங்கியிருந்தால்தானே முடிவதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். டீ வந்தது.

பொதுச்சபை புதுச்சேரியிலேயே கூடியது. குளிர்சாதனம் உள்ள கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். மேடையில் மணவறைக்குப் பதில் வாக்குப்பெட்டி. தேர்தலன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது ஆப்பிரிக்கப் பிரிவின் வரிசைகள் பாதி காலியாக இருந்தன.

"சார், ஆப்பிரிக்காக்காரங்க எங்க?"

"பஸ் புடிச்சி அரியாங்குப்பம் பக்கம் அனுப்பியிருக்கேன். மீன் எறக்கறத பாக்கணும்னு ஆசப்பட்டாங்க. மத்தியானம் வந்துருவாங்க."

"இப்ப ஆசியா ஓட்டுப்பதிவு சார்."

"அதாம்மா, ஃபார்மாலிட்டிதான?"

அந்தப் பேருந்தில் போனவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊர்க் கடற்கரைகளில் மீன் வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். அஞ்சலைக்கு யாரும் கேட்காமலே விழுந்திருக்கக்கூடிய ஓட்டுகள் உலகத்தில் இருந்தன என்றால், அவை அத்தனையும் அந்தப் பேருந்தில் இருந்தன.

முதல் சுற்று முடிவை நான்தான் வாசித்தேன். மற்ற இரண்டு ஆசிய வேட்பாளர்களும் தேர்வானார்கள். அஞ்சலை பாதியைத் தொடவில்லை. மனுவே கொடுக்காத ஓர் ஆசியத் தீவு நாட்டுச் சங்கத்தின் பெயரைப் பலர் எழுதியிருந்தார்கள். அதன் பிரதிநிதி எப்போதும் வெள்ளைத் தொப்பியோடு திரிபவர். இரண்டு நாட்களாக எல்லா மேஜையிலும் உட்கார்ந்து காப்பி குடித்தவர். விதிப்படி அடுத்த சுற்று, மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கு, இவர்கள் இருவருக்கும் இடையில் மட்டும்.

ஒருங்கிணைப்பாளர் மேடைக்கு ஏறி வந்தார். "ரீகவுன்டிங்" என்றார். எண்ணினோம். அதேதான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லும்மா. பஸ்சு வந்துரட்டும்."

"மெஷினே இல்ல சார். சீட்டுதான்."

"அப்ப சீட்டு தீந்துபோச்சின்னு சொல்லு."

கட்டுக்கட்டாகச் சீட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜை மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அஞ்சலைக்கு எந்தப் பிரிவு ஓட்டுப் போடவில்லை, சீட்டில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தால் தெரியுமே என்று அடுத்தது கேட்டார். மாட்டேன் என்றேன். "நீயும் இந்த ஊரு பொண்ணுதான?" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். உங்களுக்குப் பிடித்தவர் தோற்றுக்கொண்டிருப்பார், உங்கள் மேலதிகாரி காதருகில் நிற்பார், சபை உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது கோபத்தில் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு: நேர்மையைக் காட்டுவதற்காக அடுத்த சுற்றை உடனே தொடங்கிவிடுவது. எனக்கும் கை துறுதுறுத்தது. அவருடைய முகத்துக்கு நேரே மணியடித்துத் தொடங்கிவிடலாம் போலிருந்தது. தாமதப்படுத்துவது எப்படிச் சாய்வோ, அவசரப்படுவதும் அப்படியே சாய்வுதான். விதியில் என்ன இருக்கிறதோ அதை முழுதாகச் செய்ய வேண்டும். விதியில் ஒன்று இருந்தது: சுற்றுகளுக்கு நடுவில் எந்த வேட்பாளரும் ஒருமுறை இடைவேளை கேட்கலாம்.

மைக்கில் அதை ஆங்கிலத்தில் வாசித்தேன். மொழிபெயர்ப்பாளர் ரோசாலி மதாம் பிரெஞ்சில் சொன்னார். பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்தவர், யாருக்கும் பயப்படாதவர். பிறகு நான் தமிழிலும் வாசித்தேன். தமிழ் இந்தச் சபையின் அலுவல் மொழி அல்ல என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வேட்பாளர் இருவருக்கும் விதி புரிந்ததா என்று உறுதிசெய்வது தேர்தல் செயலரின் கடமை என்று கையேட்டில் இருப்பதைச் சொல்லி, பக்க எண்ணையும் சொன்னேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கையேட்டைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அன்று அவர்தான்.

"அப்ப எனக்கு அது வேணும், கேளும்மா" என்றார் அஞ்சலை கீழே இருந்து.

"நான் கேக்க முடியாதுக்கா. நீங்கதான் கை தூக்கணும்."

தூக்கினார். ஒரு மணி நேரம் கிடைத்தது.

அவர் ரோசாலி மதாமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீ மேஜைக்குப் போனார். நான் பெட்டியை விட்டு நகரக் கூடாது. ஆனால் மேஜை பக்கத்தில்தான், குரல் கேட்டது.

"சுருக்கமா சொல்லு. இவங்களுக்குப் பசி வந்துருச்சி" என்றார் மதாம்.

"நான் கடலுக்குப் போவலதான். என் வூட்டுக்காரன் போறான். அவன் புடிச்சினு வர்றத நான் விக்கலன்னா அது மீனா, நாத்தமா? அத்த கேளுங்க அவர."

மதாம் பிரெஞ்சில் கேட்டார். பெரிய உடம்புக்காரர் ஒருவர் கப்பை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அலோர், சரி, சிரிச்சிட்டாரு. அடுத்த ஆளு" என்று மதாம் நகர்ந்தார். "சிரிச்சவருகிட்ட நின்னுனு இருக்காத. ஓட்டு போட்டுருவாரு."

பேருந்து அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் நின்றிருந்தது. சேதி போனதும் சிலர் இறங்கி, பாலத்தை நடந்தே கடந்து, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். மற்றவர்கள் கடைசிவரை வரவில்லை. ஃபோட்டோக்கள் நன்றாக வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டாவது சுற்றில் அஞ்சலை முந்தினார். ஆனால் பாதிக்கு மிகச் சிறிய குறை. மூன்றாவது சுற்றிலும் அதே எண்கள். நான்காவதிலும் அதே. தொப்பிக்காரருடைய ஆட்கள் அசையவில்லை, இவருடையவர்களும் அசையவில்லை. இப்படி முட்டிக்கொண்டு நின்றால் சர்வதேச சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வருடப் பதவியை ஆளுக்கொரு வருடமாகப் பிரித்துக்கொள்வது. விதியில் இல்லை, சபை கை தட்டி ஏற்றுக்கொண்டால் போதும்.

பேச்சுவார்த்தை மணமகள் அறையில் நடந்தது. சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி. அதன் முன்னால் அஞ்சலை, மதாம், ஒருங்கிணைப்பாளர், தொப்பிக்காரர். ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ள நான். பிரிப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. முதல் வருடம் யாருக்கு என்பதில்தான் சண்டை. இருவர் பக்கமும் முதல் வருடமே வேண்டும் என்றார்கள். தொப்பிக்காரர் காரணத்தை மறைக்கவில்லை: அவருடைய சங்கத்தில் விரைவில் தேர்தல், கையில் பதவியோடு ஊர் திரும்ப வேண்டும். ஒருங்கிணைப்பாளருக்குக் காரணமே தேவைப்படவில்லை. "முதல்ல ஒக்காந்தவன்தான் முதலமைச்சர்" என்றார். கடைசியில் இருவரும் காசு சுண்டிப் பார்க்கலாம் என்ற இடத்துக்கு வந்து, ஒருங்கிணைப்பாளர் சட்டைப் பையில் கைவிட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி, எந்த வருஷம் என்ன வேலைன்னு ரெண்டு பேருக்கும் வாசிச்சிடறேன்" என்றேன்.

செயற்குழுவின் வேலைத்திட்டம் முன்னரே எல்லோருக்கும் அனுப்பப்பட்டதுதான். முதல் வருடம்: வரவுசெலவு, இணையதளம், அடுத்த சபைக்கு இடம் தேர்வு. இரண்டாம் வருடம்: உறுப்பினர் வரையறை, அதாவது யார் மீனவர். ஆங்கிலத்தில் தொப்பிக்காரருக்கு, தமிழில் அஞ்சலைக்கு, ஒரே வேகத்தில் வாசித்தேன். எதையும் அழுத்திச் சொல்லவில்லை.

தொப்பிக்காரர் தோளைக் குலுக்கினார். அவருக்கு இன்னும் முதல் வருடம்தான் வேண்டும்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். "விக்கிறவங்க சமாச்சாரம் ரெண்டாவது வருஷத்துலயா?"

"ஆமாக்கா. அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப எனக்கு ரெண்டாவது."

ஒருங்கிணைப்பாளர் எழுந்தே விட்டார். "அஞ்சல! ரெண்டாவதுன்னா தோத்துட்டோம்னு அர்த்தம். ஊரு முழுக்க பேனர் கட்டியிருக்கு."

"கழட்டி வெய்யி சார், அடுத்த வருஷம் கட்டிக்கலாம். என் பேர வெட்டலாமா வேணாமான்னு பேசற அன்னிக்கு நான் அந்த ரூமுக்குள்ள இருக்கணும். மத்த நாளெல்லாம் தொப்பிக்காரரே ஒக்காரட்டும்."

"முன்னாடி வர்றத யாராவது வுடுவாங்களா?"

"மீனு வராத அன்னிக்கு கூடையத் தூக்கினு கடக்கரைக்கு எதுக்கு சார் போவணும்?"

மதாம் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே, "எழுதும்மா, எழுது. இவரு டீ சொல்றதுக்குள்ள" என்றார்.

எழுதினேன். கையெழுத்தானது. சபை கை தட்டியது. மறுநாள் செய்தியாளர்களிடம் ஒருங்கிணைப்பாளர், முதல் ஆண்டைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்ததாகச் சொன்னார். என்னிடம் சில வாரங்கள் பேசவில்லை.

வேலைத்திட்டத்தை வாசித்தது சரியா என்று என்னிடம் பலர் கேட்டார்கள். ஒருங்கிணைப்பாளர், நான் தொப்பிக்காரருக்கு உதவினேன் என்றார். தொப்பிக்காரருடைய நண்பர்கள், நான் உள்ளூர்க்காரிக்கு உதவினேன் என்று புகார் எழுதினார்கள். இரண்டு புகாரும் ஒரே கோப்பில் இருக்கின்றன. என் பதில் இதுதான்: இருவருக்கும் ஏற்கெனவே கொடுத்ததை, இருவருக்கும் ஒரே நேரத்தில், முடிவெடுப்பதற்கு முன்னால் வாசித்தேன். இதில் ஒரு நிபந்தனை குறைந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். அஞ்சலையிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால் அது துரோகம். காசு சுண்டிய பிறகு சொல்லியிருந்தால் அது வம்பு. நீங்கள் எப்போது பேசலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

மற்றபடி, எல்லோரும் படித்திருப்பார்கள் என்று நம்பி எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பியதைச் சபையில் மறுபடி வாசியுங்கள். அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது வருடம் அஞ்சலை செயற்குழுவில் போய் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க ரோசாலி மதாமும் கூடவே போனார். மீன் விற்பவர்களை நீக்கும் தீர்மானம் வந்தது. அதை அங்கேயே முடிவு செய்யக் கூடாது, பொதுச்சபைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். திருத்தம் ஒரு ஓட்டில் ஜெயித்தது. அந்த ஒன்று யாருடையது என்று கேட்டால், ஒவ்வொருவரும் தன்னுடையது என்றுதான் சொல்வார்கள். அஞ்சலை அந்த அறையில் இல்லாதிருந்தால் அது சமமாகியிருக்கும், விதிப்படி சமம் என்றால் தோல்வி.

இன்றைய நிலை இது. மீன் விற்கும் பெண்கள் ஓட்டுரிமையுள்ள உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள். அவர்களை நீக்கும் தீர்மானம் கைவிடப்படவில்லை. அடுத்த பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அஞ்சலையின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. மறுபடி மனுக் கொடுத்திருக்கிறார். ஆசியாவுக்கு இன்னும் மூன்று இடங்கள்தான். அந்தத் தேர்தலை நீங்கள் நடத்துவீர்கள்.